அடி வாங்கியவரிடம் ‘நான் நடுநிலை’ என்று ஒரு தெரபிஸ்ட் சொல்லலாமா?

பக்கத்து வீட்டுப் பெண் பல வருடமாகக் கணவனிடம் அடி வாங்குகிறார், கடைசியில் தைரியம் வந்து ஒரு கவுன்சிலரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார், அவரோ "நான் யார் பக்கமும் பேச முடியாது, அடுத்த முறை கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இவர்களுக்கெல்லாம் சமூகப் பொறுப்பே கிடையாதா, குறைந்தது போலீசுக்காவது சொல்லியிருக்க வேண்டாமா என்பது உங்கள் கேள்வி.

நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். அந்தக் கவுன்சிலர் போலீசுக்குப் போகாதது சரி. நடுநிலை என்று சொன்னதும், கணவரைக் கூட்டிவரச் சொன்னதும் தவறு, அதுவும் ஆபத்தான தவறு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடுநிலையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் படிப்பில் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்: வந்தவரை எடைபோடாதே, உன் நியாயத்தை அவர்மேல் திணிக்காதே என்று. நல்ல பாடம். மாமியாரோடு தனிக்குடித்தனம் பற்றிச் சண்டை, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று சண்டை, இதிலெல்லாம் நான் யார் பக்கமும் சாயக்கூடாது. ஆனால் ஒருவர் அடிக்கிறார், இன்னொருவர் அடி வாங்குகிறார் என்றால் அங்கே இருப்பது இரண்டு பேரின் கருத்து வேறுபாடு கிடையாது. ஒருவர் இன்னொருவரைப் பயத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அங்கே போய் "இரண்டு பக்கமும் கேட்போம்" என்றால், அந்தப் பெண்ணுக்குக் கேட்பது "இதில் உன் பங்கும் இருக்கிறது" என்பதுதான். அதைத்தான் அவர் அம்மா வீட்டிலும், ஊர்ப் பெரியவர்களிடமும், சில சமயம் காவல் நிலையத்திலும் கேட்டுவிட்டு வந்திருப்பார். காசு கொடுத்து எங்களிடமும் அதையே கேட்க வேண்டுமா?

கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அர்த்தமே இல்லை. அதனால்தான் வன்முறையும் பயமும் தொடர்ந்துகொண்டிருக்கும் வீட்டுக்குத் தம்பதி சிகிச்சையை ஆரம்பிக்காதே, முதலில் இருவரையும் தனித்தனியாகப் பார் என்பது இந்தத் துறையில் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. இன்னொன்று, "அவருக்குக் கோபம் அதிகம், கோபத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி கொடுங்கள்" என்று பலர் கேட்பார்கள். மேலதிகாரி திட்டினால் தலை குனிந்து நிற்கிறார், டிராபிக் போலீஸ்காரரிடம் சார் சார் என்கிறார், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கை நீள்கிறது என்றால், அவருக்குக் கட்டுப்பாடு நன்றாகவே இருக்கிறது. யாரை அடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கோப நோய் என்று பெயர் வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பும் தெரபிஸ்ட், தெரிந்தோ தெரியாமலோ அவருக்கு ஒரு சாக்கைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்.

நம் நாட்டுச் சட்டமே இதில் நடுநிலையாக இல்லை என்பது பல கவுன்சிலர்களுக்குத் தெரியாது. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் 14ஆவது விதி கவுன்சிலிங் பற்றியது. நீதிமன்றம் நியமிக்கும் கவுன்சிலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. எதிர்மனுதாரர், அதாவது அடித்ததாகச் சொல்லப்படுபவர், இனி வன்முறை செய்யமாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், தான் செய்த வன்முறைக்கு எந்த நியாயமும் கற்பிக்க அந்தக் கவுன்சிலிங்கில் அவருக்கு இடம் கிடையாது. "அவள் வாய் பேசினாள், அதனால்தான்" என்பது அங்கே பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்படக்கூடாது. தனியாக கிளினிக் வைத்திருப்பவரை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் ஒரு சட்ட விதியே இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது, மனசைப் பற்றிப் படித்தவர் அதைவிடக் குழப்பமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எவ்வளவு பேருக்கு இது நடக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான பெண்களில் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள் இந்திய அளவில் நூற்றில் 29 பேர், தமிழ்நாட்டில் 38 பேர். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடியவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 14 பேர்தான், அந்த உதவியும் பெரும்பாலும் பிறந்த வீட்டிடம் கேட்டது. அப்படியென்றால் தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு என்று எங்களிடம் வரும் பெண்களில் கணிசமானவர்கள் அடி வாங்கிக்கொண்டிருப்பவர்கள். நாங்கள் கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். கேட்பதுகூட கணவரையும் மாமியாரையும் வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்து, "மனச்சோர்வு" என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டால் சிகிச்சை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு மனச்சோர்வு இருக்கலாம், மாத்திரையும் தேவைப்படலாம். ஆனால் காரணத்தைக் கேட்காமல் விட்டால் அந்தச் சீட்டில் இருப்பது பாதி உண்மைதான்.

அந்தச் சீட்டு எங்கே போகிறது என்பது இன்னொரு விஷயம். இதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் வக்கீலிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. மருத்துவரிடமோ தெரபிஸ்டிடமோ சொன்னதற்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லை, நீதிமன்றம் கேட்டால் எங்கள் குறிப்பேட்டைக் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு விவாகரத்து வழக்கோ, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கோ வந்தால், கணவர் தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்தப் பெண் மனநல சிகிச்சை எடுத்தாரா என்பதைத்தான். "எளிதில் உணர்ச்சிவசப்படுகிறார், கணவரோடு ஒத்துப்போவதில் சிரமம்" என்று நான் அலட்சியமாக எழுதிவைத்த ஒரு வரி, அம்மாவுக்கு மனநிலை சரியில்லை, பிள்ளையை அவரிடம் விடக்கூடாது என்ற வாதமாக மாறும். அதற்குப் பதிலாக, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, கையில் கன்றிப்போன இடத்தை எழுதி, இந்தத் தூக்கமின்மையும் பயமும் அந்தச் சம்பவங்களுக்குப் பிறகு வந்தவை என்று எழுதிவைத்தால், அதே குறிப்பேடு அவருக்குச் சாட்சியாக நிற்கும். மேடை ஏறிப் பேசுவதும் ஊர்வலம் போவதும்தான் சமூகப் பொறுப்பு என்று நினைக்கிறோம். எனக்கு அது முதலில் இந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது.

சரி, போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வயது வந்த பெண். எப்போது புகார் கொடுப்பது, கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. வருடக்கணக்காக அவருடைய எல்லா முடிவையும் வேறு ஒருவர் எடுத்திருக்கிறார், இப்போது நானும் அவரைக் கேட்காமல் ஒரு முடிவை எடுத்தால் அவருக்குக் கிடைப்பது இன்னொரு எஜமானர். அதோடு, அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் கிளம்பிய அடுத்த சில மாதங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். எந்த ஏற்பாடும் இல்லாமல் போலீஸ்காரர் ஒருவர் வாசலில் வந்து விசாரித்துவிட்டு, "இனி ஒழுங்கா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், அதற்குப் பிறகான ராத்திரியை அவர்தான் கடக்க வேண்டும், நானோ நீங்களோ இல்லை.

அப்படியென்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? இல்லவே இல்லை. அந்தக் கவுன்சிலர் செய்திருக்க வேண்டியது நிறைய இருந்தது. ஆபத்து எவ்வளவு என்று நேராகக் கேட்டிருக்க வேண்டும். கழுத்தை நெரித்திருக்கிறாரா என்பது அதில் மிக முக்கியமான கேள்வி, ஏனென்றால் ஒரு முறை கழுத்தை நெரித்தவர் பிறகு கொலை செய்யும் அபாயம் பல மடங்கு கூடுகிறது, ஆனால் வெளியே காயம் தெரியாததால் பெண்களே அதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றப்போவதாகச் சொல்லியிருக்கிறாரா, கர்ப்ப காலத்தில் அடித்தாரா, அடி சமீபத்தில் அதிகமாகியிருக்கிறதா, அந்தப் பெண்ணுக்கே தற்கொலை எண்ணம் வருகிறதா என்றெல்லாம் கேட்க வேண்டும். அப்புறம் ஒரு பாதுகாப்புத் திட்டம் போட வேண்டும்: ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுச் சாவி இவற்றை எங்கே வைப்பது, ராத்திரி ஓட வேண்டி வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, சண்டை தொடங்கினால் சமையலறையிலிருந்து எப்படி விலகி நிற்பது என்று. குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பெண்களுக்கு உதவ அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் யார், அவர் எங்கே உட்காருகிறார், புகார் கொடுக்காமலேயே அவரிடம் போய்ப் பேசலாமா (பேசலாம்), நீதிமன்றத்தில் வீட்டிலேயே வசிக்கும் உரிமையைக் கேட்கலாமா (கேட்கலாம்) என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். இதெல்லாம் சமூக சேவகர் வேலை, என் வேலை கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் அடுத்த வாரம் உயிரோடு வர வேண்டும் என்பது என் வேலையில் சேர்த்தி இல்லை என்றால் வேறு எதுதான் என் வேலை?

இதை மருத்துவமனைக்குள்ளேயே செய்து காட்டியிருக்கிறார்கள். மும்பை பாந்த்ராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில், சேஹத் என்ற ஆய்வு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து இருபது வருடத்துக்கு முன்பே தில்லாசா என்ற மையத்தைத் தொடங்கின. எலும்பு முறிவுக்கும் விஷம் குடித்ததற்கும் சிகிச்சைக்கு வரும் பெண்களில் வீட்டு வன்முறையால் வந்தவர்களை அடையாளம் காண நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கவுன்சிலிங் என்றால் "உங்கள் தவறு எதுவும் இல்லை" என்பதிலிருந்து தொடங்கி, பாதுகாப்புத் திட்டம், தங்குமிடம், சட்ட உதவி வரை போகும். பெண்ணை அடித்தவரோடு சமாதானம் செய்துவைப்பது அங்கே இலக்காக இருக்கவில்லை.

இப்போது இன்னொரு பக்கம். வந்தவர் அடி வாங்குபவராக இல்லாமல், அடிக்கப்போகிறவராக இருந்தால்? "நான் அவளைக் கொல்லப்போகிறேன்" என்று ஒருவர் எங்கள் அறையில் சொன்னால்? இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க எல்லோரும் எடுத்துப் பேசும் வழக்கு ஒன்று உண்டு, அதில் கொலை செய்தவர் நம் நாட்டுக்காரர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. வங்காளத்திலிருந்து அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் கட்டுமானம் படிக்கப் போன ஒரு மாணவர், 1968இல் தத்தியானா தாரசாஃப் என்ற பெண்ணைச் சந்திக்கிறார். புத்தாண்டு இரவில் அந்தப் பெண் கொடுத்த ஒரு முத்தத்தைப் பெரிய உறவாக எடுத்துக்கொள்கிறார். அந்தப் பெண் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னதும் உடைந்துபோகிறார். 1969இல் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஓர் உளவியல் நிபுணரிடம் சிகிச்சைக்குப் போகிறார். ஆகஸ்டில், வெளிநாடு போயிருக்கும் ஒரு பெண் திரும்பி வந்ததும் கொல்லப்போவதாகச் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை, ஆனால் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

அந்த நிபுணர் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகப் போலீசுக்கு வாயாலும் சொன்னார், கடிதமும் எழுதினார், இவரைப் பிடித்து மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்று கேட்டார். போலீஸ் பிடித்தது, பேசிப் பார்த்தது, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று முடிவு செய்து, அந்தப் பெண்ணிடம் போகமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. அதோடு மனநலப் பிரிவின் தலைவர், போலீசுக்குப் போன கடிதத்தைத் திரும்பக் கேட்டு, குறிப்புகளை அழிக்கச் சொன்னார், அவரை அடைத்து வைக்க மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்றும் உத்தரவிட்டார். மாணவர் அதற்குப் பிறகு சிகிச்சைக்கு வரவே இல்லை. அக்டோபர் 27ஆம் தேதி தத்தியானாவை அவர் வீட்டிலேயே கொன்றார். இத்தனை பேருக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம், தெரிந்திருக்க வேண்டிய அந்தப் பெண்ணுக்கும் அவருடைய பெற்றோருக்கும் மட்டும் தெரியவில்லை.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல் ஒரு முறையும், மறுவிசாரணைக்குப் பிறகு 1976இல் இன்னொரு முறையும் தீர்ப்புச் சொன்னது. முதல் தீர்ப்பு எச்சரிக்கும் கடமையைப் பற்றிப் பேசியது. இரண்டாவது இன்னும் அகலமானது: ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை தெரபிஸ்டுக்கு உண்டு, அது எச்சரிப்பதாக இருக்கலாம், போலீசாக இருக்கலாம், வேறு வழியாகவும் இருக்கலாம். பொது ஆபத்து தொடங்கும் இடத்தில் ரகசியத்தின் பாதுகாப்பு முடிகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ரகசியம் போனால் ஆபத்தானவர்கள் சிகிச்சைக்கே வரமாட்டார்கள், அதனால் வன்முறை கூடத்தான் செய்யும் என்று மாறுபட்ட நீதிபதி ஒருவர் எழுதினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்காவிலேயே எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லை, டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1999இல் இந்தக் கடமையை ஏற்க மறுத்துவிட்டது.

எனக்கு இந்த வழக்கில் தீர்ப்பைவிட அதற்கு முன் நடந்ததுதான் பாடம். போலீசுக்குச் சொல்லியும் அந்தப் பெண் இறந்தார். சொன்னதோடு கடமை முடிந்தது என்று எல்லோரும் விலகிக்கொண்டார்கள், கொல்லப்போகிறேன் என்று சொன்னவர் பேச ஒருவர்கூட இல்லாமல் தனியானார். ரகசியத்தை உடைக்க வேண்டிய நேரம் வரும், வந்தால் உடைக்கத்தான் வேண்டும். ஆனால் முடிந்தவரை அந்த ஆளிடமே சொல்லிவிட்டு உடைப்பதும், உடைத்த பிறகும் அவரைக் கைவிடாமல் இருப்பதும், ஆபத்தில் இருப்பவர் காதுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் சேர்ந்ததுதான் அந்தக் கடமை. நான் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்: நீங்கள் சொல்வது இந்த அறைக்குள் இருக்கும், ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் நான் பேச வேண்டியிருக்கும் என்று. அதைக் கேட்டு ஓடிப்போனவர்களைவிட, அதைக் கேட்ட பிறகும் மனம் திறந்து பேசியவர்கள்தான் அதிகம்.

நம் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. இன்னொருவரை ஆபத்திலிருந்தோ வன்முறையிலிருந்தோ காப்பாற்ற வேண்டியிருந்தால் தகவல் தரலாம் என்று விலக்கும் கொடுக்கிறது, ஆனால் அந்த ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும்தான். ஒருவர் மிரட்டல் விடுத்தார் என்று சொல்லலாம், அவருடைய சிறுவயதுக் கதையைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

குழந்தை என்று வந்தால் இந்த "சொல்லலாம்" என்பது "சொல்லியே ஆக வேண்டும்" என்று மாறிவிடுகிறது. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தது தெரிந்த யாரும் போலீசிடம் தெரிவிக்க வேண்டும். தெரபிஸ்டுக்கு விலக்கு இல்லை, தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். சித்தப்பாவோ மாமாவோ செய்ததை "குடும்ப மானம்" என்று மூடி மறைக்கும் ஊரில் இந்தக் கட்டாயம் தேவை என்றுதான் நானும் சொல்வேன். அதே நேரம் 17 வயதுப் பெண் தன் காதலனோடு உடலுறவு நடந்ததைப் பற்றிப் பேச வந்தால், அதுவும் புகாராகப் போக வேண்டிய நிலை வருகிறது, அதனால் அந்த வயதுப் பிள்ளைகள் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2022இல் கருக்கலைப்பு வழக்கு ஒன்றில், மருத்துவர் புகார் தரும்போது அந்தச் சிறுமியின் பெயரை, அவரும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், வெளியிட வேண்டியதில்லை என்று சொன்னது. அந்த ஒரு திறப்பு எங்கள் அறைக்கும் வர வேண்டும்.

இதுவரை சொன்னது வன்முறையைப் பார்த்தும் சும்மா இருக்கும் தெரபிஸ்டைப் பற்றி. எங்கள் தொழிலே வன்முறையின் கையாக மாறியதும் உண்டு, அதைச் சொல்லாமல் பொறுப்பு பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது. 2001க்குப் பிறகு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ நடத்திய விசாரணைகளில் கைதிகளைச் சித்திரவதை செய்யும் முறைகளை வடிவமைத்தவர்கள் இரண்டு உளவியலாளர்கள், ஜேம்ஸ் மிட்செலும் புரூஸ் ஜெசனும். தப்பவே வழியில்லாத மிருகங்கள் கடைசியில் முயற்சியையே விட்டுவிடும் என்ற 1960களின் ஆராய்ச்சியை மனிதர்மேல் திருப்பினார்கள். ஒரு கைதியை 2002 ஆகஸ்டில் மட்டும் 83 முறை தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறவைத்தார்கள். அவர்களுடைய நிறுவனத்துக்கு 8.1 கோடி டாலர் கொடுக்கப்பட்டது என்று 2014இல் வெளியான செனட் அறிக்கை சொன்னது. அவர்கள் இருவர் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அந்த நாட்டின் மிகப் பெரிய உளவியலாளர் சங்கம், 2005இல் ஒரு குழு போட்டு, பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்கெடுப்பது நெறிக்கு உட்பட்டதுதான் என்று சொல்லவைத்தது. சங்கத்தின் பொறுப்பாளர்கள் ராணுவத் துறையின் வசதிக்கேற்ப நெறிகளைத் தளர்த்தி வைத்தார்கள் என்று 2015 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை சொன்ன பிறகுதான், அந்த ஆகஸ்டில் சங்கம் அதற்குத் தடை கொண்டுவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் சங்கம் 2006லேயே அந்த விசாரணைகளில் பங்கெடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. முடியாது என்று சொல்ல முடிந்திருக்கிறது, சொல்லியிருக்கிறார்கள்.

அது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. ஆண் ஆணையோ பெண் பெண்ணையோ நேசித்தால் "சரிசெய்து கொடுங்கள்" என்று பெற்றோர் கூட்டிவரும் பிள்ளைகளுக்கு மருந்தும் மிரட்டலும் மின் அதிர்ச்சியும் கொடுத்தவர்கள் இந்தியாவிலும் இருந்தார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படி மாற்றும் முயற்சிகளைத் தடைசெய்து, செய்பவரின் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னார். அதற்கு முன், தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே ஓர் அமர்வு உட்கார்ந்து கேட்டார். இதை ஒரு நீதிபதி சொல்லும்வரை எங்கள் துறை ஏன் காத்திருந்தது என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

கடைசியாக, அறைக்கு வெளியே. அரசே வன்முறை செய்தால் தெரபிஸ்ட் என்ன செய்வார்? சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, தேவாலயங்கள் நடத்திய ஓர் உதவி அமைப்பில், எலிசபெத் லிராவும் யூஜினியா வைன்ஸ்டைனும் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். நடந்ததை ஒலிநாடாவில் பதிவுசெய்து, எழுத்தாக்கி, பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து திருத்தி, கடைசியில் அவர் கையிலேயே கொடுத்தார்கள். ஆட்சிக்கு எதிரான சாட்சியமாகத் தொடங்கிய அந்தப் பதிவே மருந்தாகவும் வேலை செய்வதைக் கண்டார்கள். தனக்கு நடந்தது தன்னுடைய அவமானம் என்று நினைத்திருந்தவர், அது இன்னொருவர் செய்த குற்றம் என்பதைத் தாளில் பார்த்தார். 1983இல் அந்த முறையைப் பற்றி வெளிநாட்டு இதழில் எழுதும்போது இருவரும் புனைபெயரில்தான் எழுத முடிந்தது. எல் சால்வடாரில் உளவியலாளரும் பாதிரியாருமான இக்னாசியோ மார்த்தின் பாரோ, போரின் காயம் தனி மனிதரின் மூளைக்குள் மட்டும் இருக்கவில்லை, மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கிறது என்று எழுதினார். 1989 நவம்பர் 16ஆம் தேதி அவரையும் இன்னும் ஐந்து பாதிரியார்களையும், வீட்டு வேலை செய்த அம்மாவையும் அவர் மகளையும் ராணுவம் சுட்டுக் கொன்றது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் நடுவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, அங்கே எந்தத் தரப்பு செய்த வன்முறையையும் விடாமல் பதிவுசெய்த 'முறிந்த பனை' என்ற புத்தகத்தை எழுதிய நால்வரில் ஒருவராக இருந்தார். அந்த நால்வரில் இன்னொருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டுக் காயம், அதாவது ஒரு சமூகமே மௌனத்திலும் நம்பிக்கையின்மையிலும் விழுந்துவிடுவது, என்று பிறகு சோமசுந்தரம் எழுதியதெல்லாம் புத்தகம் படித்து வந்த கருத்துகள் கிடையாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் உட்கார்ந்த தாய்மார்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய தூக்கமின்மைக்கு உதவலாம், உதவ வேண்டும். ஆனால் அவர்களுடைய காத்திருப்பை "துக்கத்தை ஏற்க முடியாத நோய்" என்று நான் எழுதினால், பதில் சொல்ல வேண்டியவர்களை நான் விடுவித்துவிட்டேன் என்று அர்த்தம்.

எல்லா தெரபிஸ்டும் இவர்களைப் போல உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. வந்தவருடைய காயத்துக்கு அவரையே காரணம் ஆக்காமல் இருப்பது, யார் செய்தது என்பதை அறைக்குள் பெயர் சொல்லிப் பேசுவது, அதைச் சரியாக எழுதிவைப்பது, இதையாவது ஒவ்வொருவரிடமும் கேட்கலாம்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போதைக்கு என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, அந்தக் கவுன்சிலர் சொன்னதோடு வழி முடியவில்லை என்று சொல்லுங்கள். அவர் செல்போனைக் கணவர் பார்ப்பார் என்றால் எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நேரில் மட்டும் பேசுங்கள். 181 பெண்கள் உதவி எண், உங்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் மூன்றையும் சொல்லிவையுங்கள், கூட வரச் சொன்னால் போங்கள். ராத்திரி அவர் கதவைத் தட்டினால் திறப்பீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு தெரபிஸ்டிடம் போவதாக இருந்தால், முதல் போனிலேயே அவர் கேட்கட்டும்: வீட்டில் அடி நடக்கிறது, என்னைத் தனியாகப் பார்ப்பீர்களா, கணவரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்வீர்களா? தயங்காமல் "தனியாகத்தான் பார்ப்பேன்" என்று பதில் வந்தால் அங்கே போகலாம்.